ஓரண் காடுகளைத் தரிசுக் கணக்கிலிருந்து எடுங்கள்

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்துக்கும் ராஜஸ்தான் அரசுக்கும்,

வணக்கம்.

ராஜஸ்தானில் ஊர்மக்கள் தெய்வக் காடுகளாகக் காத்துவரும் ஓரண்கள் சூரிய மின்நிலையங்களுக்குக் குத்தகைக்குப் போவதைப் பற்றி எழுதுகிறேன். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்பதைக் கண்ட மாநிலத்திலிருந்து எழுதுகிறேன். ராஜஸ்தானின் பத்லாவில் சுமார் 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா எழுந்தபோது மனதார மகிழ்ந்தேன். 2013-இன் கடைசி நாளில் தென்னக மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளோடு இணைந்தது. தார்ப் பாலைவன வெயிலில் பிறக்கும் மின்சாரத்தில் அன்றுமுதல் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்த மண்ணுக்கு நேர்வதைப் பற்றிக் கேட்கும் கடமையும் உண்டு.

ஜெய்சல்மேர் பக்கம் ஓரண் என்று சொல்லும் காடுகளை, ஊர்த் தெய்வத்தின் பெயரால் தலைமுறை தலைமுறையாகக் கோடரி படாமல் காத்துவந்திருக்கிறார்கள். புல் காய்ந்துபோன மாதங்களில் ஒட்டகமும் ஆடும் அங்குள்ள வன்னி இலையைத் தின்றுதான் உயிர் பிழைக்கின்றன. எப்போதோ பெய்யும் மழையைத் தேக்கும் குளங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பல ஓரண்கள் வெறும் அரசுத் தரிசு. தரிசு என்றால் மின் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது எளிது. மேய்ப்பவர் கையில் பட்டா கிடையாது. இழப்பீட்டுப் பட்டியலில் அவர் பெயர் எப்படி வரும்?

விருத்தாசலத்தில் நாங்கள் தலமரமாக வணங்கும் அதே வன்னிதான் உங்கள் மாநில மரம். 1730-இல் ஜோத்பூர் அருகே கேஜ்ரலியில் அரசனின் ஆட்கள் அதை வெட்ட வந்தபோது பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த 363 பேர் உயிரைக் கொடுத்துத் தடுத்தார்கள். இன்று சூரிய மின்நிலையங்களுக்காக அது வெட்டப்படுவதை எதிர்த்துப் பிகானேரில் மக்கள் மறுபடியும் போராட வேண்டியிருப்பது எனக்குப் பெரும் வேதனை. அங்கே வாழும் கானமயில் என்னும் பெரிய பறவையோ சுமார் 150 மட்டுமே எஞ்சியிருக்கிறது. நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத அந்தக் கனத்த பறவை உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது.

ஓரண்களைத் தரையிலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து வரைபடமாக்க வேண்டும், காடாக அறிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானுக்கு உத்தரவிட்டது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கத் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் பிறந்த உத்தரவு அது. எனவே புதிய சட்டம் எதையும் நான் கேட்கவில்லை. அளந்து முடிக்காத ஊர்களில் ஒரு ஏக்கரைக்கூட ஒதுக்காதீர்கள். அளக்கும்போது மேய்ப்பவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள்; எல்லைக்கல் எங்கே இருந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஏற்கெனவே குத்தகைக்குப் போன ஓரண்களின் பட்டியலைக் கிராம சபைகளின் முன் வையுங்கள். வேலி இன்னும் எழாத இடங்களில் அந்தக் குத்தகைகளை ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டின் மின்நுகர்வோர் ஒருவர்