அப்பாவுக்கு, வள்ளியின் படங்களோடு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஓரத்தில் அம்மா எழுதியிருந்த இரண்டு வரியையும் படித்தேன். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள். காலையில், காலி வீதி என்னும் பெரிய சாலையில் உள்ள கடையில் இடியப்பமும் சொதியும். தென்காசி அத்தை கல்யாண வீட்டுக்கு மறுநாள் வைப்பாரே, அந்தச் சொதி அல்ல. காய்கறி, பருப்பு எதுவும் இல்லாமல், தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மஞ்சளும் போட்டு எலுமிச்சை பிழிந்து நீர்க்க வைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு இடித்துப் போடுவது இங்கே வழக்கம். கடைக்கார அம்மா எனக்கு மட்டும் மாசி சேர்க்காமல் தனியே எடுத்து வைக்கிறார். இரவில் அவ்வளவாகப் பசிப்பதில்லை. கால் றாத்தல் பாணும் (இங்கே ரொட்டியைப் பாண் என்பார்கள், றாத்தல் என்பது பவுண்டு) ஒரு வாழைப்பழமும் போதுமாக இருக்கிறது.

"தெருநாயைப் படம் பிடிக்கவா கடல் தாண்டிப் போனாய்" என்று பெரியண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

போன ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்பட்டு, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வந்தபோது நானும் பார்க்கப் போயிருந்தேன். தேரோடு வந்த கூட்டத்தின் காலடியில் ஒரு கறுப்புக் குட்டி கிடந்தது. பின்னங்கால் நசுங்கியிருந்தது, காது நிறைய உண்ணி. துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். முருகன் தேரடியில் கிடைத்தவள் என்பதால் வள்ளி என்று பெயர். கால் ஒட்டிவிட்டது, ஓடும்போது மட்டும் அந்தக் காலைத் தூக்கிக்கொள்வாள். தடுப்பூசி போட்டாயிற்று. வெறிநோய்க்கு நானும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டேன், அம்மா பயப்பட வேண்டாம்.

அவளைப் படம் எடுக்கத்தான் கேமராவைக் கையில் எடுத்தேன். உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது, ஆனால் படத்தில் சாம்பலில் புரண்டு எழுந்தவளைப் போல விழுந்தாள். காரணம் பிறகுதான் தெரிந்தது. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டே கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. கறுப்பு நாய் என்றால் வெளிச்சம் போதவில்லை என்று கூட்டிவிடும். வெள்ளை நாய் என்றால் குறைத்துவிடும். வள்ளிக்கு நாமே ஒரு படி குறைத்து வைக்க வேண்டும், நம் வீட்டு வெள்ளை நாய் சிங்கத்துக்கு ஒரு படி கூட்ட வேண்டும். சிங்கத்தின் தாயைக் கிணற்றடியில் நிறுத்தி நீங்கள் எடுத்த படத்தில் அவள் அழுக்கு நிறமாக விழுந்ததும் இதனால்தான் அப்பா. கேமராவில் பழுது இல்லை.

இத்துடன் மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். மூன்றும் தரையில் படுத்துக்கொண்டு எடுத்தவை. நின்றபடி எடுத்தால் மண்டையும் முதுகும்தான் விழும். நாயின் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் முகம் கிடைக்கிறது. தெருநாய்களிடம் நேரே போய் லென்ஸை நீட்டக் கூடாது. உற்றுப் பார்ப்பதை அவை சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதுவாக வந்து முகர்ந்து பார்க்கும்வரை இருக்க வேண்டும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டாலும் உதட்டை நக்கினாலும் அது கலங்கியிருக்கிறது என்று அர்த்தம். கேமராவை இறக்கிவிடுவேன்.

இரண்டாவது படத்தில் நாய்களோடு நிற்பவர் எங்கள் கீழ்வீட்டுப் பெரியவர். சிங்களவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே தண்டவாளம் கடலை ஒட்டியே போகிறது. சூடான கற்களில் நாய்கள் படுத்துக்கொள்ளும். எந்த ரயில் எப்போது வரும் என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வருவதற்குச் சற்று முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், அலுமினியத் தட்டைக் கரண்டியால் தட்டுவார். எல்லாம் எழுந்து வந்துவிடும். ரயில் போனதும் திரும்பிவிடுவார், மழையானாலும் இதே வேலைதான். என்னிடம் தமிழில் பேசுவார், நாய்களிடம் சிங்களம் மட்டும்தான். தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது இங்கே 2006 முதல் அரசின் கொள்கை. அதற்கு முன் பிடித்துப் போன நாய்களைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிடும்.

கடல் மேற்கே இருப்பதால் சாயங்கால வெயில் நேராக நாய்களின் முகத்தில் விழுகிறது. ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே சூரியன் இறங்கும், இறங்கியதும் சட்டென்று இருட்டிவிடும். அதனால் அலுவலகம் விட்டதும் ஓடி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க இதுதான். இல்லாவிட்டால் ஞாயிறு நீளமாக இருக்கிறது.

2005இல் தபால் துறை நம் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டபோது எனக்கு ஒன்று வாங்கித் தந்தீர்களே, அது பர்ஸில் இருக்கிறது. இப்போது அங்கே சாரல் விழும் காலம். சிங்கம் நனைந்து வந்து திண்ணையில் உதறுவான், அம்மா திட்டுவாள், நீங்கள் கோணிச்சாக்கை எடுத்துத் துடைப்பீர்கள். எனக்கு அங்கே இருக்க வேண்டும் போலிருக்கிறது அப்பா.

அது போகட்டும். வீட்டை விற்றுச் சென்னைக்குப் போவது முடிவானால், சிங்கத்தைச் சத்திரப்பட்டி மில் காவலுக்குக் கொடுக்கலாம் என்று பெரியண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறவியிலேயே காது கேளாதவன். பின்னால் லாரி வருவது அவனுக்கு எப்படித் தெரியும்? நாம் தரையில் காலைத் தட்டினால் அந்த அதிர்வில் திரும்பிப் பார்ப்பான். மில் வளாகத்தில் யார் தட்டப் போகிறார்கள்? தென்காசி அத்தை வீட்டுக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, சிங்கத்தை அவருக்குப் பிடிக்கும். நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். மதினி மூலம் சொல்லி அனுப்பினால் அத்தைக்குக் கோபம் வரும். அவன் சாப்பாட்டுச் செலவு என் பொறுப்பு. இந்த மாதப் பணம் சற்றுப் பிந்தி வரும். வங்கியில் ஏதோ காகித வேலை, வேறொன்றுமில்லை. கேமரா என்ன விலை என்று கேட்டிருந்தீர்கள். அலுவலக நண்பர் சும்மா கிடந்ததைக் கொடுத்தார்.

பத்திரத்தில் என் கையெழுத்துக்காக நான் வர வேண்டியதில்லை. உங்கள் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதி, இங்குள்ள இந்திய உயர் ஆணையரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பிவிடலாம். வாசகத்தைப் பத்திர எழுத்தரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். சித்தப்பா கிணற்றுப் பங்கைப் பற்றி வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். அதையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்ன மகன்