அழகைக் கொண்டாடும் நடனம் என்றார்கள், போனேன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்ததும், உன் முழங்கால் வலி கொஞ்சம் அடங்கியதும் நல்ல செய்தி. மாடிப்படியில் மட்டும் வீறாப்பு காட்டாதே.

நான் எழுத வந்தது வேறு. ஊர் ஊராகப் போய் ஆடும் ஒரு நவீன நடனக் குழு இங்கேயும் வந்தது. 'அழகின் கொண்டாட்டம்' என்று விளம்பரம். அதைப் படித்ததுமே எனக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது, சோப்பு விளம்பரம் மாதிரி ஒரே உயரம், ஒரே இடுப்பளவு என்று வரிசையாக வந்து நிற்பார்கள் என்றுதான் நினைத்தேன். சரி, டிக்கெட் எடுத்தாயிற்று, வீணாக்குவானேன் என்று போனேன்.

திரை விலகினால் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக நிற்கிறார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பின் எடையை மாற்றுகிறார், அவ்வளவுதான், அதையே வெகுநேரம், என் பக்கத்தில் இருந்தவர் நெளியத் தொடங்கும் வரைக்கும். பாட்டு இல்லை. விளக்கு முன்பக்கமிருந்து வரவில்லை, மேடையின் இரண்டு ஓரங்களிலும் தாழ்வாக வைத்திருந்தார்கள். முன்னாலிருந்து அடித்தால் உடம்பு தட்டையாகிவிடும், ஓரத்திலிருந்து வந்தால் ஒவ்வொரு தசையும் நிழலோடு எழுந்து நிற்கும். அவருடைய கெண்டைக்கால் லேசாக நடுங்கியது எனக்கு அப்படியே தெரிந்தது. அதை அவர் மறைக்கவே இல்லை.

மேற்கத்திய செவ்வியல் நடனமான பாலேயில் கஷ்டம் வெளியே தெரியக்கூடாது, எடையே இல்லாத மாதிரி மிதக்க வேண்டும். அதை வேண்டாம் என்றவர்கள்தான் நவீன நடனத்தை ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் மார்த்தா கிரஹாம் மூச்சு விடும்போது வயிறு ஒடுங்குவதையும் இழுக்கும்போது விரிவதையும் வைத்தே ஆட்டமுறையை அமைத்தார், அதே நாட்டின் டோரிஸ் ஹம்ஃப்ரி விழுவதையும் எழுவதையும் எடுத்துக்கொண்டார். வயதும் அங்கே தடையில்லை. ஜப்பானின் கசுவோ ஓனோ 1977-இல் 'லா அர்ஜென்டினா' என்ற ஸ்பானிய நடனக் கலைஞரைப் போற்றி ஆடியபோது அவருக்கு எழுபது வயதுக்கு மேல். ஜெர்மனியின் பீனா பாஷ் 1978-இல் செய்த 'கொன்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000-இல் அறுபத்தைந்து தாண்டியவர்களை வைத்து மறுபடி மேடையேற்றினார், அதில் ஆடியவர்கள் தொழில்முறைக் கலைஞர்களே இல்லை. நம் சென்னை நடனக் கலைஞர் சந்திரலேகாவும் பல வருடம் ஒதுங்கியிருந்துவிட்டு 1985-இல் 'அங்கிகா' என்ற படைப்போடு திரும்பினாரே, அலங்காரத்தைக் கழற்றிவிட்டு முதுகெலும்பைக் காட்டினார்.

ஆனால் இந்தக் குழு இரண்டாம் பாதியில் சறுக்கிவிட்டது. மேலிருந்து பட்டுத்துணி இறங்குகிறது, உருகும் வயலின், எல்லார் முகத்திலும் ஒரே புன்னகை. 'இதோ அழகு, பார்த்துக்கொள்' என்று கையைப் பிடித்து இழுத்தால் எனக்குக் கண் மேடையை விட்டுப் போய்விடும். அந்த அம்மாவையே தொடர்ந்து ஆட விட்டிருந்தால் இன்னும் அரைமணி நேரம் பார்த்திருப்பேன்.

அப்புறம் ஒரு விஷயம். ஆட்டம் முடிந்தும் நான் உடனே கிளம்பவில்லை. தரையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்! கறுப்பு வினைல் விரிப்பு, நீள நீளமான சுருள்கள், இணைப்பில் ஒட்டிய டேப்பை உரித்துவிட்டுச் சுருட்டுகிறார்கள். போகிற இடமெல்லாம் பாதம் வழுக்காமலும் தடுக்காமலும் ஒரே மாதிரி பிடிப்பு வேண்டும் என்பதற்காக அதைக் கூடவே கொண்டுபோகிறார்கள். ஆனால் அடியில் சிமெண்டா மரமா என்பது அந்தந்த அரங்கத்தைப் பொறுத்தது, விரிப்பு அதை மாற்றாது. சிமெண்ட் என்றால் குதிக்கிற ஒவ்வொரு முறையும் அடி நேராக முழங்காலுக்குத்தான் போகும், உனக்குச் சொல்லவே வேண்டாம். மேடையின் அகலமும் மாறும், அதனால் யார் எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒத்திகை பார்க்கிறார்கள். நாம் ஒரே நிகழ்ச்சி என்று சொல்கிறோம், அவர்களுக்குத் தினமும் வேறு.

அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறார்கள். முதல் வரிசையில் உட்காராதே, மேடை உயரமாக இருந்தால் பாதங்களே தெரியாது. நடுவில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பார்த்து எடு, காலையும் நீட்டிக்கொள்ளலாம். பார்த்துவிட்டுக் கட்டாயம் எழுது, அந்தப் பட்டுத்துணி உனக்குப் பிடித்துவிடும் என்றுதான் தோன்றுகிறது, சண்டைக்குத் தயாராகவே இருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி