உன் சிவப்புக் கோப்பை பற்றி

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, காலையில் தெருமுனை வரை நடக்கிறாள்.

உன் மகள் பிராக்கில் பழம்பொருள் கடையில் வாங்கிவந்த சிவப்புக் கண்ணாடிக் கோப்பையின் படங்களை நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப அழகு. ஆனால் 'எகர்மன் செய்தது', அதாவது அந்தப் பழைய கண்ணாடிக் கலைஞரின் வேலை, என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

முதலில் அந்தச் சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார். கண்ணாடி உள்ளும் புறமும் சிவப்பு என்றால் உருக்கும்போதே தங்கமோ செம்போ சேர்த்திருக்கிறார்கள். நிறமில்லாத கண்ணாடிமேல் சிவப்புக் கண்ணாடியைக் கனமாகப் போர்த்தியிருந்தால், வெட்டிய இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு படி தெரியும். உன் கோப்பையில் படியே இல்லை, மேலே மெல்லிய படலம்தான். ஸ்டெயின் என்பார்கள். செம்பு கலந்த பூச்சைத் தடவி, கண்ணாடி உருகாத சூட்டில் சூளையில் வைத்து எடுத்தால் நிறம் மேல்தோலில் இறங்கிவிடும், பெயிண்ட் மாதிரி உரிந்து வராது. இன்றைய செக் நாட்டில் இருக்கிற வடபொஹீமியாவின் ஹைடா வட்டாரத்தில், இன்று அந்த ஊருக்கு நோவி போர் என்று பெயர், ஃபிரெட்ரிக் எகர்மன் 1832 வாக்கில் இதைக் கைக்குக் கொண்டுவந்தார். தங்கம் தேவைப்படாத சிவப்பு என்றால் சும்மா விடுவார்களா, சுற்றியிருந்த பட்டறைகளும் அதே வேலையில் இறங்கிவிட்டன. கார்ல்ஸ்பாட் போன்ற வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு வைத்தியத்துக்குப் போனவர்கள் ஞாபகார்த்தமாக வாங்கிவந்ததில் இந்த வகை ஏராளம். எகர்மன் 1864இல் இறந்துவிட்டார், மானும் காடும் போட்ட சிவப்புக் கோப்பைகள் அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தன. அதனால் 'எகர்மன் பாணி' என்றால் சரி, அவர் பட்டறை என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும்.

காலத்தைக் கணிக்க நான் நம்புவது உன் கோப்பையில் இருக்கிற அந்த மானைத்தான். சுழலும் சக்கரத்தில் செதுக்கியிருந்தால் உடம்பு குழிவாகவும் கொம்பின் நுனி கூர்ந்தும் இருக்கும், பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மான் புடைத்து நிற்கிற மாதிரித் தெரியும். அமிலத்திலோ மணல் பீய்ச்சியோ செய்தது ஒரே மட்டமாக வெளிறிக் கிடக்கும். உன் மானின் கழுத்து ரோமத்தில் கோடுகள் ஒன்றுக்கொன்று நீளம் மாறுகின்றன, கை வேலை என்றே படுகிறது.

அடியில் முத்திரை இல்லையே என்று கவலைப்படாதே. நாட்டின் பெயர் போட வேண்டும் என்ற கட்டாயம் 1891இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் வரும் சரக்குக்கு வைத்தது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1918க்குப் பிந்தையது, அவ்வளவு உறுதி. ஒன்றுமே இல்லாததால் பழசு என்றும் ஆகாது. அடிவிளிம்பில் தேய்மானக் கீறல்கள் ஒரே திசையில் இருந்தால் சந்தேகப்படு, யாரோ தேய்த்திருக்கலாம். தானாகத் தேய்ந்தது தாறுமாறாகத்தான் இருக்கும்.

அடிப்பக்கத்தை வெயிலில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு, ஃபிளாஷ் வேண்டாம். அப்புறம், விம் போட்டுத் தேய்த்துவிடாதே, ஓரத்தில் பொன்வேலை இருக்கிறது.

அன்புடன்,
உன் நண்பன்