கடற்போரைத் தரையில் நடத்தும் அட்லஸ்காரர்களுக்கு

பண்டைய உலகத்தின் நிலப்படங்களைத் தொகுத்து அச்சிடும் ஆசிரியர்களுக்கும் வரைவாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கி, தரையில் விரித்துப் போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்க்கிற ஆள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில், இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் உள்ள லாடே. கி.மு. 494-இல் அயோனியக் கிரேக்கர்கள் பாரசீகக் கடற்படையோடு மோதித் தோற்ற இடம் அது. கிரேக்கர் பக்கம் மட்டும் 353 போர்க்கப்பல்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். என்னிடம் இருக்கும் ஓர் அட்லஸில் (பெயர் வேண்டாம்) அந்தப் போரைக் காட்டும் இரட்டை வாள் குறி நட்டநடுத் தரையில் நிற்கிறது. கடல் அந்தப் பக்கமே இல்லை. 353 கப்பலும் வயலில் இறங்கியா சண்டை போட்டன என்று கொஞ்ச நேரம் முழித்தேன். அப்புறம்தான் புரிந்தது: போர் பழையது, கடற்கரை புதியது. அங்கே கடலில் கலக்கும் மியாண்டர் என்ற ஆறு நூற்றாண்டு நூற்றாண்டாக வண்டலைக் கொட்டிக் கொட்டி, மிலேட்டஸ் துறைமுகம் இருந்த வளைகுடாவையே தூர்த்துவிட்டது. அன்று தீவாக இருந்த லாடே இன்று சமவெளியில் ஒரு மேடு. படம் வரைந்தவர் இன்றைய கரைக்கோட்டை அப்படியே எடுத்து, அதன்மேல் பழைய பெயர்களைத் தூவிவிட்டார்.

கிரேக்கத்தில் இருக்கும் தெர்மோபைலேயிலும் இதே கதைதான். கி.மு. 480-இல் அது மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நெருக்கமான வழி. அதனால்தான் கிரேக்கர்களின் சின்னப் படை பாரசீகரின் பெரிய படையை அங்கே கொஞ்ச நாள் தடுத்து நிறுத்த முடிந்தது. இன்றைய கரையை வைத்துப் பார்த்தால் அகலமான வெளிதான் தெரிகிறது. அந்த இடத்தில் போய் ஏன் நின்றார்கள் என்றே விளங்காது.

முடியாத வேலையைக் கேட்கவில்லை. ரிச்சர்ட் டால்பெர்ட்டை ஆசிரியராகக் கொண்டு 2000-இல் வந்த பாரிங்டன் அட்லஸில் பழைய கடற்கரைகளைத் தெரிந்த அளவுக்கு மீட்டு வரைந்திருக்கிறார்கள். ஊர்ப்பெயருக்குக் கீழே வண்ணக் கோடு போட்டு, அந்த ஊர் எந்தெந்தக் காலத்தில் இருந்தது என்பதையும் காட்டியிருக்கிறார்கள். தூக்கினால் கை வலிக்கும் புத்தகம்தான். உங்களைப் புத்தகத்தைப் பெரிதாக்கச் சொல்லவில்லை, அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

அடுத்தது, நீங்கள் பூசுகிற வண்ணம். ரோமப் பேரரசு என்றதும் கி.பி. 117 படத்தைப் போட்டுவிடுகிறீர்கள்: பிரிட்டன் முதல் பாரசீக வளைகுடா வரை ஒரே சிவப்பு. மெசொப்பொத்தேமியா (இன்றைய ஈராக் பக்கம்) பேரரசர் டிராஜன் கையில் இருந்தது ஓரிரண்டு ஆண்டுகள்தான், அதுவும் கலகத்தோடு. ஹாட்ரியன் பட்டத்துக்கு வந்ததும் அதைக் கைவிட்டார். அதற்குள் முந்நூறு ஆண்டாக ரோமின் பிடியில் இருந்த ஸ்பெயினுக்கும் இதற்கும் ஒரே மையா?

அசோகர் படம் இன்னும் மோசம். அவருடைய இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சொல்கிறது. சரி, தெற்கே எங்கோ ஓர் எல்லை இருந்திருக்கிறது. ஆனால் கல்வெட்டு கிடைத்த ஊர்கள் வெறும் புள்ளிகள். இரண்டு புள்ளிக்கு நடுவே இருந்த காட்டில் யார் பேச்சு எடுபட்டது? பதின்மூன்றாம் கல்வெட்டில் காட்டு மக்களை அவர் எச்சரிக்க வேண்டியிருந்ததே! நீங்களோ வேலி போட்டது போல அழுத்தமாக ஒரு கோடு இழுத்து, உள்ளே முழுக்க வண்ணம் அடித்துவிடுகிறீர்கள். உறுதியான இடத்தில் அடர்த்தியாகப் பூசுங்கள், சந்தேகமான இடத்தில் வெளிறவிடுங்கள். அச்சகத்தில் இதற்குக் கூடுதல் மை செலவாகாது.

முகப்புப் படத்துக்கும் வருகிறேன். 'தாலமி வரைந்த உலகப்படம், கி.பி. 2-ஆம் நூற்றாண்டு' என்று கூசாமல் போடுகிறீர்கள். பழைய காலத்துப் புவியியலாளர் தாலமியின் நூலில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 8,000 இடப்பெயர்களும் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும்தான். அவர் காலத்துப் படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இருப்பதில் பழையவை 1300-ஐ ஒட்டி பைசாந்தியத்தில் வரைந்தவை. நீங்கள் போட்டிருப்பது 1482-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது. ஒரு வரி சேர்த்து எழுதினால் என்ன? ஆயிரத்து முந்நூறு ஆண்டு வித்தியாசம், ஐயா.

முசிறிக்கு நீங்கள் வைக்கும் கறுப்புப் புள்ளியும் எனக்கு உறுத்தல். ரோமச் சாலைகளைக் காட்டும் பழைய படத்தின் இடைக்காலப் பிரதியான, வியன்னாவில் இருக்கும் பியூட்டிங்கர் படத்தில் (ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம், ஒரு முழங்கூட இல்லாத உயரம்) முசிறிக்குப் பக்கத்தில் ஓர் ஏரியும் அகஸ்டஸ் கோயில் என்ற பெயரோடு ஒரு கட்டடமும் இருக்கின்றன. ஊர் எங்கே இருந்தது என்றால், கொடுங்கல்லூர் என்று நெடுங்காலம் சொன்னார்கள். 2007 முதல் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வில் ரோமச் சாடித் துண்டுகள் குவியலாகக் கிடைத்தபின் பலர் அங்கே கை காட்டுகிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ரோம் நகரத்துக்கு வைத்த அதே உறுதியான புள்ளியை இதற்கும் வைத்தால் எப்படி? பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், போதும்.

கடைசியாக, பைண்டிங். வெண்கலக் கால வணிகம் என்று இரண்டு பக்கம் விரியும் படம் ஒன்று. எகிப்துக்கும் கிரீட்டுக்கும் அம்புக்குறிகள் அழகாகப் போகின்றன. செம்புக்கான அம்புகள் மட்டும் நடுமடிப்பிலிருந்து கிளம்புகின்றன. நகத்தால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சைப்ரஸ்! துருக்கிக் கரையில் உலுபுருன் அருகே வெண்கலக் காலத்தில் மூழ்கிய ஒரே கப்பலில் பத்து டன் செம்பு இருந்தது, சைப்ரஸ் செம்பு. அடுத்த பதிப்பில் அந்தத் தீவை இரண்டு அங்குலம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
தரையில் படுத்து அட்லஸ் பார்க்கும் ஒரு வாசகன்