இனப்பெயரை வைத்து நாயின் குணத்தைச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'எந்தக் குடும்பத்துக்கு எந்த நாய்?' என்ற கட்டுரையில் இனத்துக்கு ஒரு குணம் என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். லாப்ரடார் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும், ராட்வைலர் முரடு, பீகிள் சொன்னபேச்சு கேட்காது. ராசிபலனும் இப்படித்தான் எழுதப்படுகிறது. ஆனால் அதை நம்பி யாரும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

இந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் சோதித்த ஆய்வு 2022 ஏப்ரலில் 'சயன்ஸ்' இதழில் வந்தது. அமெரிக்க மரபணு ஆய்வாளர் எலினார் கார்ல்சனின் குழு, 18,385 நாய்களின் நடத்தை பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்தது. 2,155 நாய்களின் மரபணுத் தொகுதியையும் படித்தது. நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. சொன்னதைக் கேட்டு நடப்பது போன்ற சில குணங்களில் இனம் ஓரளவு துப்புக் கொடுக்கிறது. பார்டர் கோலி அதில் முன்னால் நிற்பது உண்மைதான். ஆனால் ஒரு நாய் எவ்வளவு எளிதில் சீண்டப்படும் என்பதை, அதாவது குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் கேட்கிற விஷயத்தை, இனத்தை வைத்து ஏறக்குறைய சொல்லவே முடியவில்லை. ராட்வைலர் கடித்தால் காயம் பெரிது என்பது வேறு கணக்கு. அது உடல் அளவைப் பற்றியது.

வளர்ப்பவர்கள் சொல்வதை எப்படி நம்புவது? நியாயமான சந்தேகம். லாப்ரடார் சாது என்று கேட்டுக் கேட்டே வளர்த்தவர் அது வாலாட்டுவதைத்தான் கவனிப்பார். நாயின் முகத்தில் நாமே எழுதிக்கொண்டு நாமே படிக்கிறோம் என்பதற்கு 2009-இல் நாய் நடத்தை ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் நடத்திய சோதனை நல்ல சான்று. தின்னக்கூடாது என்று சொல்லிவைத்த தின்பண்டத்தைத் தின்ற நாயும் தின்னாத நாயும், திட்டு வாங்கியபோது ஒரே மாதிரிதான் 'குற்றவுணர்வோடு' பதுங்கின. அந்த முகபாவம் திட்டுக்கு எதிர்வினை. செய்த தப்புக்கு அல்ல.

கலப்பின நாய்கள் கைகொடுத்தது இந்தச் சிக்கலில்தான். பல இனங்கள் கலந்த நாயைப் பார்த்து அதில் எது எவ்வளவு என்று வளர்ப்பவரால் சரியாகச் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனை சொல்லிவிடும். முன்முடிவு நுழைய இடம் குறைவு. அப்படிப் பார்த்தபோது, லாப்ரடார் கலப்பு கூடக்கூட மனிதர்களிடம் ஒட்டுதலும் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. உங்கள் அட்டவணையின் முதல் வரியே இதில் அடிபடுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் எல்லாம் வளர்ப்புதான்" என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே ஆய்வு பெரும்பாலான குணங்களுக்கு, தாய்தந்தையிடமிருந்து வரும் மரபின் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் என்கிறது. 1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் சோவியத் மரபியலாளர் பெல்யாயெவ் தொடங்கிய சோதனையை நினைத்துப் பாருங்கள். மனிதரைக் கண்டு அதிகம் மிரளாத நரிகளை மட்டும் தலைமுறைதோறும் இணைசேர்த்தார்கள். பழக்கவில்லை. ஏழெட்டுத் தலைமுறைக்குள் வாலாட்டிக்கொண்டு ஆட்களைத் தேடிவரும் குட்டிகள் பிறந்துவிட்டன. 2021-இல் வெளியான இன்னோர் ஆய்வில், எட்டு வார வயதுள்ள 375 குட்டிகளுக்கு மனிதர் விரலால் சுட்டும் திசை புரிகிறதா என்று பார்த்தார்கள். குட்டிக்குக் குட்டி இருந்த வேறுபாட்டில் 40 சதவீதத்துக்கு மேல் மரபு சார்ந்தது. அந்தக் குட்டிகள் எல்லாமே லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் அல்லது இரண்டும் கலந்தவை என்பதுதான் இதில் முக்கியம். இந்த இரண்டு இனங்களுக்குள்ளேயே இத்தனை வேறுபாடு இருக்கும்போது இனப்பெயர் என்ன சொல்லிவிடும்? மரபு வேறு, இனம் வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது.

காரணமும் விளங்காத ஒன்றல்ல. இன்றைய இனங்களில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நாய்க் கண்காட்சிகளை ஒட்டி வரையறுக்கப்பட்டவை. தேர்வு செய்தவர்கள் அதிகம் பார்த்தது காதையும் ரோமத்தையும்தான். குட்டைக் கால்களுக்கு ஒரு மரபணுவின் கூடுதல் பிரதி போதும். மிரட்சிக்கோ துணிச்சலுக்கோ அப்படி ஒற்றைச் சாவி கிடையாது; பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன, வளரும் சூழலும் தள்ளுகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் அட்டவணைக்குப் பதிலாக, குட்டி வாங்கப்போகிறவர் கேட்கவேண்டிய கேள்விகளைப் போடலாம். தாய் நாய் அந்நியரைக் கண்டால் என்ன செய்கிறது? முந்தைய ஈற்றுக் குட்டிகள் எப்படி வளர்ந்திருக்கின்றன? மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை குட்டி எத்தனை பேரிடம், எந்தெந்தச் சத்தங்களுக்கு நடுவே இருந்தது? இந்த வாரங்கள் எவ்வளவு முக்கியம் என்று நாய்களின் நடத்தையை ஆராய்ந்த ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965-இலேயே எழுதிவைத்தார்கள். வளர்ந்த நாயைத் தத்தெடுப்பவர்களுக்கு இவ்வளவு விசாரணைகூடத் தேவையில்லை. அதன் குணம் கண்முன்னே நிற்கிறது. நாலைந்து முறை போய்ப் பழகிப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்