பாட்டியின் பாட்டும் காணாமல் போன இடைவெளியும்

அன்புள்ள குமார்,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதென்றால் திட்டிக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தாள். உன் மகள் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் ஊர் ஊராகப் போய் எழுதி வந்த தாலாட்டு நோட்டுகளை டிஇஐ முறைப்படி (நூல்களைக் கணினியில் குறியிடும் பொது விதிமுறை) எக்ஸ்எம்எல்லில், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் பெயர்க்குறி (டேக்) போட்டு, அடித்து முடித்துவிட்டேன். அதை மாற்றித் தரும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில், எந்த டேக் எப்படி வரவேண்டும் என்று சொல்லும் டெம்ப்ளேட்டுகளை எழுதி வலைப்பக்கமாக மாற்றுவதுதான் பாக்கி. ஓட்டிப் பார்த்தால் ஒரு டேக்கும் இல்லை. தலைப்பு, பாடியவரின் ஊர், பதிவு செய்த தேதி, பாட்டு எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கொட்டிக் கிடந்தன. பிழைச் செய்தியும் கிடையாது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவசரத்தில், எழுத்து எதுவும் வராதபடி ஒரு வெற்று டெம்ப்ளேட்டைச் சேர்த்தேன். பக்கமே காலி! இரண்டு நாள் டெம்ப்ளேட்டுகளின் உள்ளே தேடியது வீண். மூன்றாம் நாள்தான் உறைத்தது: டேக்குகளுக்காக நான் எழுதிய டெம்ப்ளேட் ஒன்றுகூட ஓடவே இல்லை. முதலில் கொட்டியது எக்ஸ்எஸ்எல்டி தானாகச் செய்கிற வேலை. பொருந்தும் டெம்ப்ளேட் இல்லாத டேக்குக்குள் அது இறங்கிப் போகும், எதிர்ப்படும் எழுத்தை அப்படியே வெளியே தள்ளும். அந்தக் குப்பைதான் துப்பு. அதையே வாயடைத்துவிட்டேன்.

ஏன் பொருந்தவில்லை? கோப்பின் முதல் வரியைப் பார். டிஇஐயின் நேம்ஸ்பேஸ், அதாவது டேக்குகள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் பெயர், அங்கே இருக்கிறது, அதனால் உள்ளே இருக்கிற எல்லா டேக்கும் அதைச் சேர்ந்தது. நான் டெம்ப்ளேட்டில் முன்னொட்டு இல்லாமல் ‘எல்’ (பாட்டின் ஓர் அடிக்கான டேக்) என்று எழுதினால், எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத ‘எல்’ என்றுதான் அர்த்தம். 2007இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 2.0வில் இதற்கு நேரடி வழி உண்டு. டெம்ப்ளேட்டை ஓட்டுகிற நம் எக்ஸ்எஸ்எல்டிபிராக் நிரலுக்கு 1.0 மட்டும்தான் தெரியும். அதே நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டு வைத்து, ‘டி:எல்’, ‘டி:எல்ஜி’ (அடிகளின் தொகுதி) என்று மாற்றினேன். அடி அடியாக வந்து நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதடா.

அந்தச் சந்தோஷத்தில் அச்செடுத்து, நமக்கு முதல் பாட்டுப் பாடிய பாட்டியின் மகனுக்கு அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி பிரதியைப் புரட்டினால், ‘ஆராரோஆரிரரோ’ என்று ஒரே சொல்லாக நிற்கிறது. வட்டார உச்சரிப்புக்காக இரண்டு சொல்லையும் தனித்தனி டேக்கில் வைத்திருந்தேன். நடுவில் இருந்தது வெறும் இடைவெளி. பக்கம் சுத்தமாக வரட்டும் என்று எல்லா டேக்குக்கும் வெறும் இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் போட்டிருந்தேன், அது இந்த இடைவெளியையும் விழுங்கிவிட்டது. அடிகளுக்கு மட்டும் இடைவெளியைக் காக்கும் பிரிசர்வ்-ஸ்பேஸ் சேர்த்ததும் சரியாயிற்று. அங்கேயும் முன்னொட்டு வேண்டும், மறந்துவிடாதே.

பாட்டி போய் இரண்டு வருடம் ஆகிறது, குமார். அவர் மூச்சு விட்ட இடத்தை நான் அழித்து அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. புதுப் பிரதி நேற்றே அனுப்பியாயிற்று. மூலத்தில் எத்தனை அடி, பக்கத்தில் எத்தனை அடி என்று பாட்டுக்குப் பாட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இடைவெளியை எண்ணிக்கை காட்டாது, காதுதான் காட்டும். கேசட்டுகள் உன்னிடம்தான் இருக்கின்றன. முதல் பத்துப் பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே படித்து, ஒட்டியிருக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பு.

அன்புடன்,
செல்வம்