பரு ஃபேஸ் வாஷ்: சிறிய குழாயிலும் சேர்மானம் தெரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பித்து வருகிறேன். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் முகப்பரு இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் சுரப்பு கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் பெருத்து, மயிர்க்காலின் வாயை இறந்த செல்கள் அடைத்துக்கொள்வதால் பரு வருகிறது. முகத்தைச் சரியாகக் கழுவாததால் வருகிறது என்று பெரியவர்கள் பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயமே இல்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் கைச்செலவுக் காசைச் சேர்த்து ஒரு சிறிய ஃபேஸ் வாஷ் குழாயை வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லை என்பதையே தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

என் மகளும் பருவுக்கென்றே செய்தது என்று முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த ஒரு சிறிய குழாயை வாங்கிப் பயன்படுத்தினாள். கழுவித் துடைத்த சற்று நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். சில நாட்களில் மூக்கின் இரு ஓரங்களிலும் வாயோரத்திலும் தோல் வெள்ளை வெள்ளையாக உரியத் தொடங்கியது. பிஎச் என்பது அமில, காரத் தன்மையின் அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். பள்ளி ஆய்வகத்தில் அந்த ஃபேஸ் வாஷைச் சிறிது நீரில் கரைத்து பிஎச் தாளைத் தொட்டுப் பார்த்தபோது, தாள் பச்சையைத் தாண்டி, காரத்தைக் காட்டும் நீலத்துக்குப் போய்விட்டது. நம் முகத்தோலின் மேற்பரப்பு இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையது. அதன் பிஎச் பெரும்பாலும் 5ஐ ஒட்டியே இருக்கும். சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை செல்லும். காரம் மிகுந்த ஒன்றால் நாள்தோறும் கழுவினால் தோலின் காப்பு அடுக்கு குலைந்து, ஏற்கெனவே அழற்சியில் இருக்கும் முகம் மேலும் எரிச்சலுக்கு உள்ளாகும்.

அந்தக் குழாயின் முகப்பில் சாலிசிலிக் அமிலம் என்ற பெயரும் இருந்தது. எண்ணெயில் கரையும் இயல்பினால் மயிர்க்காலுக்குள் புகுந்து அடைப்பை இளக்கும் நல்ல பொருள் அது. ஆயினும் அது அமில வடிவில் இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். காரக் கரைசலில் ஏறக்குறைய முழுவதும் சாலிசிலேட் உப்பாக மாறிவிடும் என்பதும், உப்பாகிவிட்டால் எண்ணெய்ப் பசைக்குள் எளிதில் ஊடுருவாது என்பதும் என் மாணவர்களே கணக்கிட்டுக் காட்டக்கூடியவை. முகப்பில் பெயரை மட்டும் போட்டு, எவ்வளவு சேர்த்திருக்கிறது என்பதையும் கரைசலின் பிஎச் என்ன என்பதையும் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

அமெரிக்காவில் இத்தகைய ஃபேஸ் வாஷ் மருந்துச் சீட்டின்றி வாங்கும் மருந்தாகக் கருதப்படுகிறது. சாலிசிலிக் அமிலம் 0.5 முதல் 2 சதவீதம் வரை இருக்கலாம் என்று வரையறுத்திருப்பதுடன், அந்த அளவைப் பொதியில் அச்சிடவும் வேண்டும். நம் நாட்டில் இவற்றில் பெரும்பாலானவை அழகுசாதனப் பொருளாகவே விற்பனைக்கு வருகின்றன. சேர்மானப் பட்டியலில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையிலும், அதற்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது நம் அழகுசாதனப் பொருள் விதி. அதைவிட வருந்தத்தக்க சலுகை ஒன்றும் அதில் இருக்கிறது: 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவப் பொதியிலும், 30 கிராமுக்குக் குறைந்த பசை, திடப் பொதிகளிலும் சேர்மானப் பட்டியலே தேவையில்லை. பெரிய குழாயை வாங்க வசதியுள்ளவருக்குப் பட்டியல் கிடைக்கிறது. சிறிய குழாயையும் சாஷேயையும் வாங்கும் மாணவருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

பட்டியல் இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடும், ஸ்டியரிக், மிரிஸ்டிக் போன்ற கொழுப்பு அமிலங்களும் அதன் முன்வரிசையில் இருந்தால், பெயர் எதுவாயினும் அது அடிப்படையில் சோப்புதான். எங்கள் ஊரைப் போல ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் இடங்களில் இது இரட்டைத் தொல்லை. நீரிலுள்ள கால்சியம், மக்னீசியத்தோடு சோப்பு சேர்ந்து கரையாத படிவாகிறது. குளியலறை வாளியின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் அந்த வெண்மை முகத்திலும் தங்குகிறது. சோப்பு கலவாத, பிஎச் 5.5 அளவிலான கழுவியில் இந்தச் சிக்கல் இல்லை. இப்போது என் மகள் பயன்படுத்துவது அத்தகையதே. தோல் உரிவது நின்றுவிட்டது, பரு முழுவதும் போகவில்லை. முகத்தில் அரை நிமிடம் இருந்து கழுவப்பட்டுவிடும் ஒரு பொருளிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் சரியன்று.

எதைச் சோதித்துப் பார்ப்பதானாலும் முதலில் தாடையோரத்தில் சிறிதளவு சில நாட்கள் தடவிப் பார்ப்பது நல்லது. காலையும் இரவும் விரல் நுனியால் மட்டும் தேய்த்துக் கழுவினால் போதும். நார், சொரசொரப்பான துண்டு எதுவும் வேண்டாம். இன்று முகத்தில் தெரியும் பருவின் அடைப்பு பல வாரங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுத்த பிறகே பயனைக் கணிக்க முடியும். ஒரு வாரத்தில் பளிச்சிடும் முகத்தைக் காட்டும் விளம்பரங்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? ஃபேஸ் வாஷால் பலனில்லை என்று கடைக்குத் திரும்பிப் போகிறவர்களிடம் சில கடைகளில் மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் சிவப்பு அடங்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, ஸ்டீராய்டினாலேயே புதிய பருக்கள் கிளம்பும். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியும் இது நின்றபாடில்லை. வலியோடு கட்டியாக எழும் பருவுக்கும் தழும்பு விழும் பருவுக்கும் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

ஆகவே, சேர்மானப் பட்டியலிலிருந்து சிறிய பொதிகளுக்கு அளிக்கப்பட்டுள்ள விலக்கை, பருவுக்கென்று விற்கப்படும் பொருட்களைப் பொறுத்தவரையிலாவது, மத்திய சுகாதார அமைச்சகம் நீக்க வேண்டும். முகப்பில் பெயர் போட்டு விளம்பரப்படுத்தும் ஒவ்வொரு பொருளின் சதவீதமும் கரைசலின் பிஎச்சும் அதே முகப்பில், தமிழிலும் படிக்கக்கூடிய அளவு எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். சீட்டின்றி ஸ்டீராய்டு களிம்பு விற்கும் கடைகளை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, குறிப்பாகப் பள்ளி, கல்லூரிகளைச் சுற்றியுள்ள பகுதிகளில், நேரில் சென்று சோதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.